ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் வேலை: இதுவரை நடந்தது

1980-களிலும் 90-களின் முற்பாதியிலும் தமிழ்நாட்டில் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத கடைத்தெரு குறைவு. நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்தால் எக்கோ, இன்ரிக்கோ, எச்.எம்.வி. இசைத்தட்டுகளிலிருந்து அதே வரிசையில் பதிந்து தருவார்கள். டிடிகே, சோனி, மெல்ட்ராக் என்று கேசட்டுக்கேற்ற விலை. வீட்டில் மூத்தவர் யாரோ ஒருவர் எழுதிய அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான் இளையவர்கள் வளர்ந்தார்கள். இளையராஜாவின் வயலின் கூட்டம் முதலில் காதில் விழுந்ததா, டி.எம்.எஸ். குரலா, எஸ்.பாலசந்தரின் வீணையா என்பதெல்லாம் அந்தத் தாளைப் பொறுத்தது.

அந்தக் கேசட்டில் உள்ள பாட்டு ஏறக்குறைய எல்லாமே இன்று கைப்பேசியில் இருக்கிறது, அதுவும் நல்ல தரத்தில். கைப்பேசியில் இல்லாதது அந்த வரிசை. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முன்னிசையைக் காது தானாக எதிர்பார்க்கிறதே, அது இந்தக் கேசட் போட்ட பழக்கம். ஏ சைடு கடைசியில் சரணத்தின் நடுவில் அறுந்துபோகும் பாட்டும் அதில் சேர்த்திதான். அதனால் இந்த வேலையில் முதல் விதி: பாட்டுப் பாட்டாக வெட்டக் கூடாது. ஒரு சைடு, ஒரு கோப்பு. பாட்டு தொடங்கும் இடங்களில் அடையாளம் மட்டும் வைத்தால் போதும்.

பெட்டியைப் பிரித்ததும்

கேசட்டைக் கையில் எடுத்ததும் அதை ஓட்டும் டெக்கில் போடக் கூடாது. முதலில் ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். வெள்ளை நூல் மாதிரியோ பொடி மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில், பரணில் கிடந்த கேசட்டுகளில் இது சகஜம். பூஞ்சைக் கேசட் ஒன்றை ஓட்டினால் நாடாவை வாசிக்கும் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அவற்றைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே துடைக்க வேண்டும். அதன்பின் போனால் போகட்டும் என்று ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில், பஞ்சு பிரியாத துணி நாடாவை லேசாகத் தொடும்படி பிடித்து, ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டலாம். நல்ல டெக் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

அடுத்து பேட். நாடாவை ஹெட் மீது அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு, செம்பு நிறப் பட்டை ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும். முப்பது வருடத்தில் பசை செத்து உதிர்ந்துவிடுகிறது. ஒலி மங்கி, வந்து வந்து போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஃபெல்ட்டை மட்டும் திரும்ப ஒட்டினால் பசை கசிந்து நாடாவைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கோடு கழற்றி மாற்றுவதே நல்லது.

திருகு உள்ள கேசட் என்றால் ஐந்து திருகைக் கழற்றினால் திறந்துவிடும். கம்பெனி விற்ற பதிந்த கேசட்டுகளில் பல திருகே இல்லாமல் ஒட்டி வந்தவை. இவற்றின் விளிம்புக் கோட்டில் பிளேடை வைத்து மெல்லத் தட்டிப் பிளக்க வேண்டும். பழைய கூடு திரும்பச் சேராது. திருகுள்ள காலிக் கூடு ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு நாடாவை அதற்கு மாற்ற வேண்டும். திறக்கும்போது மேசையில் படுக்கவைத்தே திறக்கவும். உருளைகளும் மேலும் கீழும் உள்ள வழுக்குத் தாள்களும் விழுந்துவிட்டால் எது எந்தப் பக்கம் என்று தேட வேண்டிவரும்.

அறுந்த நாடாவை அந்தக் காலத்தில் நகப்பூச்சு தடவி ஒட்டாத வீடு குறைவு. அந்த ஒட்டு இன்று கண்ணாடிபோல் விறைத்து, ஹெட்டில் இடிக்கிறது. செல்லோ டேப் அதைவிட மோசம். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 45 டிகிரி சாய்வாக ஒரே வெட்டாக வெட்டி, இடைவெளியும் மேற்படிவும் இல்லாமல் சேர்த்து, கேசட் நாடாவுக்கென்று விற்கும் ஒட்டு டேப்பை ஹெட் தொடாத உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும். நாடாவின் அகலம் 3.8 மி.மீ.தான். ஒட்டு டேப் ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கூட்டுக்குள் சிக்கும்.

இதெல்லாம் முடிந்தபின் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்ற வேண்டும். வருடக்கணக்காக அசையாமல் கிடந்த சுருளில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் பதிந்து, பாட்டு தொடங்குமுன் அதன் மெல்லிய நிழல் கேட்கும். சுற்றிவிட்டால் அது கொஞ்சம் குறைகிறது. நாடா உள்ளே இறுகி மோட்டார் திணறினால் பென்சில்தான் கதி. ஆறு பல்லுக்கு ஆறு பட்டை, பொருத்தம் இன்னும் மாறவில்லை.

டெக்

வாக்மேன் வடிவில் விற்கும் மலிவான யு.எஸ்.பி. கேசட் பிளேயர்களை வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் சக்கரம் எடையே இல்லாத பிளாஸ்டிக். நீண்ட வயலின் ஸ்வரம் வந்ததும் ஒலி அலைபாயும். நல்ல நிலையில் உள்ள பழைய டெக், இல்லையென்றால் வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் ஒன்றைப் பழுது பார்த்தால் அதுகூட இதைவிட மேல்.

பழைய டெக் ஓடாததற்குப் பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். சில பெல்ட் தளர்ந்திருக்கும், சில உருகித் தாராகவே ஆகியிருக்கும். அந்தத் தாரை 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டும். கையில் பட்டால் லேசில் போகாது. புதுப் பெல்ட்டின் அளவுக்கு, பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 முதல் 8 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். நாடாவை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனின் சக்கரத்துக்கு வரும் பெல்ட் தட்டையானது என்றால் தட்டையாகவே போடவும். சதுரப் பெல்ட்டை அங்கே மாட்டினால் வேகம் நிற்காது.

ஹெட்டையும் கேப்ஸ்டன் தண்டையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது. கை சுத்திகரிப்பானில் கிளிசரினும் இருக்கும். இரண்டும் வேண்டாம். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பருக்கு ஆல்கஹாலே வேண்டாம், லேசான சோப்பு நீர் போதும். பழைய கேசட்டுகள் பழுப்புத் தூளை உதிர்க்கின்றன என்பதால், ஒவ்வொரு சைடுக்குப் பிறகும் ஹெட்டைத் துடைப்பது இந்த வேலையில் மிகை அல்ல.

ஹெட் சாய்வு

நேரம் முழுக்க இங்கேதான் போகிறது, பலனும் இங்கேதான். கேசட் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் எடுத்துக்கொள்ளும் நீளம் 4.76 மைக்ரான்தான். பதிந்த ஹெட்டும் இப்போது வாசிக்கும் ஹெட்டும் துளி கோணம் மாறியிருந்தாலும் இந்த நுண்ணிய அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஜால்ரா, ஹை-ஹாட், எஸ்.ஜானகியின் ‘ஸ’கரம் எல்லாம் போர்வைக்குள் போய்விடும். ‘பழைய கேசட், மங்கிப்போச்சு’ என்று தூக்கிப்போட்டவற்றில் கணிசமானவை மங்கவே இல்லை. அவை வேறு கோணத்தில் பதிந்தவை, அவ்வளவுதான்.

ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு சின்னத் திருகு இருக்கும். திருப்புமுன் அதன் இப்போதைய நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்துக்கொள்ளவும். இடது வலது சானல்களைச் சேர்த்து மோனோவாகக் கேட்டபடி, எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மேல்சுரங்கள் திடீரென்று திறக்கும். அதுதான் இடம். ஸ்டீரியோவில் கேட்டுத் திருப்பினால் காது ஏமாற்றும். மோனோவில் தவறு உடனே தெரியும். கடைக்குக் கடை டெக் வேறு என்பதால் ஒரு கேசட்டுக்குச் சரியானது அடுத்ததற்குச் சரிவராது. ஏ சைடுக்கும் பி சைடுக்குமேகூட மாறும். எல்லாக் கேசட்டும் முடிந்தபின் பெயின்ட் புள்ளிக்குத் திரும்பி, திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கலாம். நகப்பூச்சுக்கு உருப்படியான வேலை இதுதான்.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வைக்கவும். அட்டையில் டால்பி குறி அச்சாகியிருந்தால், அதுவும் ஹெட் சாய்வைச் சரிசெய்த பிறகுதான் போடலாம். மேல்சுரம் ஏற்கெனவே குறைந்திருக்கும்போது டால்பி அதை இன்னும் குறைத்துவிடும்.

கணினிக்குள்

மடிக்கணினியின் மைக் துளையில் செருகக் கூடாது. அது மோனோ, இரைச்சலும் அதிகம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து சாதாரண யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், அதிலிருந்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்ச அளவு −6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் போதும். கடைக்காரர்கள் பாட்டுக்குப் பாட்டு அளவை ஏற்றி இறக்கியிருப்பார்கள் என்பதால் அந்த இடைவெளி வேண்டும். சி-60 கேசட்டின் ஒரு சைடு 30 நிமிடம். வேவ் கோப்பாக ஏறக்குறைய 520 எம்.பி. வரும். ஃபிளாக் ஆக்கினால் நன்றாகச் சுருங்கும், ஒலியில் ஒன்றும் இழப்பதில்லை.

வேகம் தனித் தலைவலி. பதிவில் கேட்கும் மின்சார ரீங்காரம் 50 ஹெர்ட்ஸில் நிற்கும்படி வேகத்தைத் திருத்தச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. ஐரோப்பாவில் அது நடக்கும். 90-களின் தென்னிந்திய மின்தொகுப்பில் அதிர்வெண் 50-க்குக் கீழே கிடந்த காலம் கொஞ்சநஞ்சமல்ல. அதை நம்பித் திருத்தினால் தவறுதான் கூடும். மாறாக, அதே பாட்டின் வெளியான பதிப்பை எடுத்து, தெளிவான இரண்டு தாளத் தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை இரண்டிலும் அளக்கலாம். வெளியானதில் 240 நொடி, கேசட்டில் 233.5 நொடி என்றால் கேசட் 2.8 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பெருக்கும் எண் 0.973. ஒரே சைடில் மூன்று பாட்டையாவது அளந்து, விடைகள் ஒத்துப்போனால் மட்டுமே திருத்தவும். ஒன்று மட்டும் தனியே விலகினால், வேகம் மாறியது அந்த இசைத்தட்டிலோ வெளியான பதிப்பிலோதான். திருத்தும்போது ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியைத்தான் எடுக்க வேண்டும்; தாளகதியை மட்டும் மாற்றும் வசதி சுருதியை அப்படியே விட்டுவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2.8 சதவீதம் என்பது ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. அந்தச் சுருதியிலேயே கேட்டு வளர்ந்தவருக்குச் சரியான சுருதி ‘இறங்கிப்போன’ பாட்டாகத்தான் கேட்கும். திருத்தாத கோப்பை அழிக்கவே கூடாது. கேட்பதற்கு எதை வைத்துக்கொள்வது என்பது அந்த வீட்டாரின் உரிமை.

இரைச்சல் நீக்குவதில் கை நீளக் கூடாது. இரண்டு பாட்டுக்கு இடையில் உள்ள வெற்று இரைச்சலை மாதிரியாக எடுத்து 6 டெசிபல் குறைத்தால் போதும். 12-க்குப் போனால் புல்லாங்குழலில் தண்ணீர் சலசலக்கும். இசைத்தட்டின் கீறல் சத்தத்தையும் ஊசி இறங்கும் ‘டப்’பையும் தொடவில்லை. கடைக்காரர் ஈக்வலைசரில் ஏற்றிவிட்ட பேஸையும் தொடவில்லை. தபேலா அப்படி அதிர வேண்டும் என்ற ருசியே சிலருக்கு அங்கிருந்து வந்ததுதான்.

வானொலியிலிருந்து பிடித்தவை

டூ-இன்-ஒன்னில் இலங்கை வானொலியிலிருந்து பதிந்தவை வேறு ரகம். பதிந்த ஹெட் மோனோ. அதனால் ஸ்டீரியோ டெக்கில் இரு சானலிலும் ஒரே ஒலி. இடது சானல் நாடாவின் விளிம்பை ஒட்டி ஓடுவதால் விளிம்பு கசங்கிய கேசட்டுகளில் அதுதான் முதலில் விட்டுவிட்டுக் கேட்கும். அங்கே இரண்டையும் சேர்க்காமல் வலதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மத்திய அலையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை என்று ஒன்றும் வராது. ஆகவே 6,000-க்கு மேல் உள்ளதை வடிகட்டிவிடலாம். போவது இரைச்சல் மட்டுமே. பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அறிவிப்பாளர் குரலை வெட்டிவிடாதீர்கள். கே.எஸ்.ராஜாவோ பி.எச்.அப்துல் ஹமீதோ பேசும் அரை நிமிடம் இருந்தால், அந்தக் கேசட்டில் வேறெங்கும் கிடைக்காத பகுதி அதுதான்.

அட்டை

உள் அட்டையை இரு பக்கமும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்ய வேண்டும். கையெழுத்து, கடை முத்திரை, பென்சிலில் போட்ட டிக் எல்லாம் வரட்டும். படத்தின் பெயரைக் கடைக்காரர் தப்பாக எழுதியிருப்பது அடிக்கடி நடக்கும். அட்டவணையில் அவர் எழுதியதை ஒரு கட்டத்தில் அப்படியே வைத்து, திருத்தத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினால், பட்டியல் எழுதியவர் என்ன கேட்டார், கடையில் என்ன கிடைத்தது என்ற வித்தியாசம் தெரியும். கேட்ட பாட்டு இல்லாததால் கடைக்காரர் தன் விருப்பத்தில் போட்ட பாட்டுகளும் இருக்கும். அவையும் அந்த வீட்டின் ரசனையில் பாதியாகிவிட்டவைதான்.

ஏற்றிய கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்னப் பற்களை உடைத்துவிட்டால் யாரும் மறந்துபோய் மேலே பதிந்துவிட முடியாது. பிறகு முழுக்க ஒரு பக்கம் சுற்றி, நிற்கவைத்து, ஸ்பீக்கருக்குத் தள்ளி வைக்கவும்.

நிலுவையில் இருப்பவை சி-120 கேசட்டுகள். நாடா சி-60-இல் பாதி தடிமன்தான். பிஞ்ச் ரோலரில் லேசாகப் பிசுக்கு இருந்தாலும் சுருண்டு உள்ளே போய்விடும். புது பிஞ்ச் ரோலர் வந்த பிறகே அவற்றைத் தொடுவதாக இருக்கிறது. அவற்றை வேகமாகச் சுற்றக் கூடாது; ஒரு பக்கத்தைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.