இரை கட்டிய கேமராவைக் கொண்டு சுறாக்களை எண்ணுதல்
சுறா, களவா, பாரை போன்ற வேட்டை மீன்களை முக்குளித்து எண்ணினால் கணக்கு எளிதில் பிசகும். ஆளைக் கண்டதும் சில விலகிவிடும், சில ஆளையே சுற்றிவரும். அதனால்தான் இரை கட்டிய கேமராவை இறக்குகிறோம்.

எஃகுச் சட்டத்தில் நீர்புகா உறையோடு கேமரா. அதற்கு எதிரே ஒன்றரை மீட்டர் குழாய், நுனியில் கம்பிவலைப் பை. பையில் ஒரு கிலோ மத்தியை நசுக்கிப் போட வேண்டும். எண்ணெய் கசிந்தால்தான் வாடை நீரோட்டத்தோடு பரவும். முழு மீனாகப் போட்டால் வாடை பரவத் தாமதமாகும். ஒவ்வொரு முறையும் புதிய இரை, அதே எடை. இதில் மாறினால் இரண்டு இறக்கங்களை ஒப்பிடவே முடியாது.

பகலில் மட்டும், தரையில் 60 நிமிடம். ஒரே நேரத்தில் பல சட்டங்களை இறக்கினால் இடையே 500 மீட்டராவது விட வேண்டும், இல்லையேல் ஒரே சுறா இரண்டு கேமராவிலும் வந்துபோகும். மிதவைக் கயிறு ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும். இறுக்கமான கயிற்றை அலை இழுத்தால் சட்டம் கவிழும்.

உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகும். குளிர்ந்த நீரில் கண்ணாடி உள்ளே பனிக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வையுங்கள். நீளம் அளக்க இரட்டைக் கேமரா வைத்தால் பட நிலைப்படுத்தும் வசதியை அணைத்தே தீர வேண்டும். அது காணொளியின் ஒவ்வொரு படச்சட்டத்தையும் (தனிப் படத்தையும்) நகர்த்தி வெட்டுவதால், நீளத்தைக் கணக்கிட முன்பே செய்த அளவுத்திருத்தம் பயனற்றுப்போகும்.

எண்ணும்போது வந்த மீன்களையெல்லாம் கூட்டக் கூடாது. ஒரே படச்சட்டத்தில் ஒரு இனத்தின் அதிகபட்ச எண்ணிக்கைதான் கணக்கு. பத்தாம் நிமிடம் மூன்று, நாற்பதாம் நிமிடம் இரண்டு என்றால் பதிவு மூன்று. இது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே சுறாவைப் பத்தாக எண்ணுவதைவிட இது நேர்மையானது.

சுறாவே வராத பதிவும் மதிப்புள்ளதுதான். 58 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் 371 பவளத்திட்டுகளில் இம்முறையைப் பயன்படுத்திய குளோபல் ஃபின்பிரிண்ட் ஆய்வு (2020) ஏறத்தாழ ஐந்தில் ஒரு திட்டில் ஒரு சுறாவைக்கூடக் காணவில்லை. ஆனால் சட்டம் கவிழ்ந்த பதிவு, பாறை மறைத்த பதிவு, கலங்கல் நீரில் இரை வைத்த பையே தெரியாத பதிவு ஆகியவற்றைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அவற்றை நீக்கிவிட்டு, அதே இடத்தில் மறுபடி இறக்குங்கள்.