எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை

நாய் வளர்க்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட வீட்டு உரிமையாளர், காகித நாயைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்பதை என் எட்டு வயது மகளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் அவள் பல் துலக்கும் முன்பே நாய் கேட்டாள்.

அவள் கேட்டதும் சாதாரண நாய் அன்று, வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம். என் மாமனார் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது வாங்கி வைத்திருந்த ராஜபாளையம் தபால்தலையை, குலச்சொத்தைப் போலப் பேத்தியிடம் ஒப்படைத்தவர் அவர். அச்சிட்டு, வெட்டி, மடித்து ஒட்டினால் விலங்காக எழுந்து நிற்கும் காகித டெம்ப்ளேட்டுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஷிபா இனு இருந்தது, டாஷ்ஹண்ட் இருந்தது, பென்குவினும் ஒட்டகச்சிவிங்கியும்கூட இருந்தன. நான் தேடியவரை ராஜபாளையம் மட்டும் இல்லை. ஒரு லாப்ரடாரை எடுத்து வண்ணமில்லாமல் வெறும் கோடுகளாக அச்சிட்டால் வெள்ளை நாய் கிடைத்துவிடும், மூக்குக்கு மட்டும் இளஞ்சிவப்புப் பூசினால் போதும் என்று நான் போட்ட கணக்கு, காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

முதல் நாயை ஜெராக்ஸ் கடையின் 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள மெல்லிய தாளிலேயே செய்தேன். நிறுத்தி வைத்த இரண்டாவது நிமிடத்தில் நான்கு கால்களும் மடங்கி, சாப்பிட்ட களைப்பில் இருப்பதுபோல் படுத்துக்கொண்டது. ஆகவே 200 ஜிஎஸ்எம் அட்டைக்கு மாறினேன். உடலும் கால்களும் உள்ள இரண்டு தாள்கள் வந்ததோடு கடையில் அட்டை தீர்ந்துவிட, தலை உள்ள மூன்றாவது தாளை மறுநாள் வேறொரு கடையில் அச்சிட்டு வாங்கினேன்.

வெட்டுவதைவிட மடிப்பதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. புள்ளியும் கோடுமாகச் செல்லும் இடத்தில் மேடாகவும், வெறும் கோட்டுத்துண்டுகளாகச் செல்லும் இடத்தில் பள்ளமாகவும் மடிக்க வேண்டும். மடிக்கும் முன், மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி ஓட்டினால்தான் தடித்த அட்டை பிசிறில்லாமல் மடியும். உண்மையான நாய்க்கு இரண்டு காதுகள் என்றால், இந்த நாய்க்கு ஓரமெங்கும் பசை தடவி ஒட்டுவதற்கென்று எண்ணிட்ட ஒட்டுக்காதுகள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. அவற்றில் மூன்றைக் கழிவு என்று நினைத்து நான் வெட்டி எறிந்துவிட்டதை, குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடிய என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடியது கடைசி ஒட்டு. உடம்பு முழுக்க மூடிய பிறகு உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்க வழியில்லை. கழுத்து ஓட்டை வழியாக இரண்டு விரல்களை விட்டு வயிற்றைத் தாங்கிய நான், ஃபெவிகால் காயும்வரை கால்நடை மருத்துவரின் நிலையில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் வாசலில் எரிவாயு சிலிண்டர் வந்தது.

பிறகு தலையைப் பொருத்தினேன். பொருந்தவில்லை. உடலின் கழுத்து விளிம்பு சுற்றளவில் 18 சென்டிமீட்டர், தலையினுடையதோ 16.2. தாளின் ஓரத்தில் சரிபார்ப்பதற்கென்று போட்டிருந்த 5 சென்டிமீட்டர் கோட்டை அப்போதுதான் அளந்தேன், நான்கரை இருந்தது. இரண்டாவது கடையின் கணினியில் தாளின் அளவு ஏ4 என்பதற்குப் பதிலாக லெட்டர் என்ற அமெரிக்க அளவாக இருந்திருக்கிறது. 297 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்தை 279க்குள் ஓரம் விட்டு அடக்கும் முயற்சியில், அந்த இயந்திரம் நாயின் தலையைப் பத்து விழுக்காடு சுருக்கிவிட்டது. உண்மையான அளவு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்குமாறு செய்முறைத் தாளின் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. செய்முறைத் தாளை முதலில் படிக்கும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

இடைவெளியை ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை ஒட்டி மறைத்து, மூக்குக்கு இளஞ்சிவப்பு பூசி, மாமனார் வந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நிறுத்தினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாட்டுத்தாவணியில் காளைக்கு விலை பேசுபவரைப் போல அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் தபால்தலையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"இது ராஜபாளையம் இல்ல தாயி. தலை சிறுத்துல்ல இருக்கு? இது சிப்பிப்பாறை."

"சிப்பிப்பாறைன்னா வேகமா ஓடும்னு நீங்கதான சொன்னீங்க தாத்தா? இது நின்னுக்கிட்டே இருக்கு."

மாமனார் பதில் சொல்லாமல் எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தார். எங்கள் நாய் ஒரு கணம் நடுங்கியது. பிறகு வழுவழுப்பான மொசைக் தரையில் வாலை முன்னால் விட்டுக்கொண்டு பின்புறமாகவே சறுக்கிச் சென்று, கட்டிலுக்கு அடியில் மறைந்தது.

"பாத்தியா?" என்றார் மாமனார்.