‘மறுபடி ஓட்டு’ பட்டன்: எபென் நாட்குறிப்பு

12 ஜனவரி 2024, வெள்ளி

மொரிஷியஸில் எபென் ஆபீஸ். இன்றும் அதே டெஸ்ட் சிவப்பு, அதாவது தோல்வி. எங்கள் கருவி கண்டெய்னர் இமேஜ் கட்டுவது, அதாவது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம். ஒரே டாக்கர்ஃபைலை (எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) இரண்டு தடவை கட்டி, இரண்டு டைஜஸ்டும் (இமேஜின் கைரேகை மாதிரியான எண்) ஒன்றா என்று பார்க்கிற டெஸ்ட். ஐந்து தடவைக்கு ஒரு தடவை விழும். “நெட் ஸ்லோ அண்ணே, மறுபடி ஓட்டுங்க” என்றான் கூட வேலை செய்கிற கும்பகோணத்துத் தம்பி. ஓட்டினேன். பச்சை. வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

நெட்டைச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. டெஸ்ட் ஒவ்வொரு முறையும் அடிப்படை இமேஜை டாக்கர் ஹப் என்ற பொது இணையக் கிடங்கிலிருந்து இழுக்கிறது. லாகின் இல்லாமல் இழுத்தால் ஒரு ஐபிக்கு ஆறு மணி நேரத்தில் 100 தடவைதான். ஆபீஸ் முழுக்க ஒரே ஐபி.

15 ஜனவரி, திங்கள்

பெலால் புயல். ஆபீசுக்குக் கிளம்பி பாதியிலேயே திரும்பினேன். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதக்கிற வீடியோக்கள் வந்தபடி இருந்தன. அப்புறம் அதுவும் நின்றது. காத்ர் போர்னில் எங்கள் வீட்டில் நெட் போய்விட்டது, கரண்ட் மட்டும் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பிலேயே ஒரு ரெஜிஸ்ட்ரியை (இமேஜ் கிடங்கு) ஏற்றி, ஏற்கெனவே கையில் இருந்த ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் இமேஜை அதில் போட்டு, டெஸ்டை அதிலிருந்து இழுக்க வைத்தேன். வெளியே காற்று ஓலமிடுகிறது, உள்ளே நெட்டே இல்லை. டெஸ்ட் ஆறாவது ஓட்டத்தில் விழுந்தது!

இத்தனை மாதம் கடலடிக் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

17 ஜனவரி, புதன்

கிடைத்துவிட்டது. இரண்டு இமேஜையும் பிரித்து, லேயர்களின் (இமேஜில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகள்) டார் கோப்புகளின் பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். நேர முத்திரையெல்லாம் சரி, அதைப் போன வருடமே கட்டிப்போட்டோம். கடைசி இரண்டு வரிகள் மட்டும் இடம் மாறியிருந்தன, இரண்டும் ‘.டபிள்யூஹெச்.’ என்று தொடங்குகிறவை. கீழ் லேயரில் இருக்கும் கோப்பை மேல் லேயரில் அழித்தால் அது நிஜமாக அழியாது. அதே பெயரில் இப்படியொரு காலிக் கோப்பை வைத்து ‘இதைக் காட்டாதே’ என்று சொல்கிறோம். வைட்அவுட் என்பது அதுதான்.

அழித்த பெயர்களை கோ நிரல்மொழியின் மேப்பில் (ஒரு வகை அட்டவணை) போட்டு வைத்திருந்தோம். மேப்பைச் சுற்றி வரும்போது வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். யாரும் அதை நம்பிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நாங்கள் நம்பிவிட்டோம். எழுதியது யார் என்று கிட்டில் (நிரல் மாற்றங்களின் பதிவு) தேடினால் என் பெயர். சரி.

பெயர்களை வரிசைப்படுத்த ஒரே வரி போதும். டெஸ்டைத்தான் முழுக்க மாற்றினேன்: இரண்டு கோப்புக்குப் பதில் முப்பதை அழித்து, ஐம்பது தடவை கட்டுகிறது. டெஸ்டைத் தானாக ஓட்டும் பைப்லைனில் ‘மறுபடி ஓட்டு’ பட்டனையும் எடுத்துவிட்டேன். தம்பிக்குக் கோபம்.

25 ஜனவரி, வியாழன்

தைப்பூசக் காவடி, அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் முடிந்து, வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழில் தேவாரம் தெரியும், பேச்சு இந்த ஊர் மொழியான கிரியோல்தான். என் தட்டையான கிரியோலுக்குச் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார். லேப்டாப்பைத் திறக்கவில்லை.

1 பிப்ரவரி, வியாழன்

அடிமை முறை ஒழிப்பு நாள், மறுபடி விடுமுறை. விடிந்ததும் செய்தி: கண்டெய்னர்களை ஓட்டும் ரன்சி நிரலில் பாதுகாப்பு ஓட்டை, பதிவு எண் சிவிஈ-2024-21626, திருத்தம் 1.1.12 பதிப்பில். டாக்கர்ஃபைலில் வேலை ஃபோல்டரைச் சொல்லும் வொர்க்டிர் வரிக்கு ‘/ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/’ என்று எழுதி, திறந்து கிடக்கும் கோப்பின் சரியான எண்ணையும் போட்டால், ரன் கட்டளை வெளி இயந்திரத்தின் கோப்புகளுக்குள் போய் நிற்கும். யார் கொடுத்த டாக்கர்ஃபைலையும் கட்டுகிற எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம்.

லேப்டாப்பில் ரன்சியைப் புதுப்பித்துவிட்டு, எண்களை மாற்றி மாற்றிப் போடுகிற டெஸ்ட் ஒன்று எழுதினேன். முதல் ஓட்டமே பச்சை. போன மாதமாக இருந்தால் காபி குடிக்கப் போயிருப்பேன். எங்கள் கருவி தன்னோடு சுமந்து போகிற ரன்சி எது என்று பார்த்தால், பழையது. டெஸ்ட் ஓடியதோ லேப்டாப்பில் இருந்த புதியதில்.

பழையதை வைத்து ஓட்டினேன். எட்டாம் எண்ணில், கண்டெய்னருக்குள்ளிருந்து மேலே மேலே ஏறி, என் ஹோம் ஃபோல்டரும் அதில் காவடிப் படங்களும் பட்டியலாக வந்து நின்றன.

தம்பியைப் போனில் எழுப்பினேன். “லீவுண்ணே” என்றான். திரையைப் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஆன்லைனில் இருந்தான்.