75 கிலோவா, 65 கிலோவா: முதல் ஆணழகன் போட்டிக்கு முன் போட்ட கணக்கு

ஜிம்மில் ஒருவனுக்குத் தோள் கொஞ்சம் விரிந்து, டி-ஷர்ட் கையில் இறுக்கிப் பிடித்தால் போதும், "ஏனுங்க, போட்டிக்குப் போகலாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கோவையில் மாவட்ட அளவில் ஒரு ஆணழகன் போட்டி ஆறு மாதத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும் என்னிடமும் அதே பேச்சுதான். எனக்கு 31 வயது, உயரம் 172 செ.மீ., எடை 74 கிலோ. பல வருடமாக ஒழுங்காகப் பயிற்சி செய்கிறேன். ஊசி, மாத்திரை பக்கம் போனதில்லை. ஆணழகன் போட்டியில் எடையை வைத்துத்தான் பிரிவு; 74 கிலோ என்றால் 75 கிலோவரை உள்ள பிரிவு, ஒரு கிலோ இடம் இருக்கிறது என்பதுதான் ஜிம் நண்பர்கள் போட்டுவைத்த கணக்கு.

பயிற்சி தரும் ஜிம் மாஸ்டர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. "காலைல வெறும் வயித்துல வா கண்ணு. வொர்க்அவுட் பண்ணாம வா" என்றார்.

ஏன் என்பது போன பிறகுதான் புரிந்தது. செட் முடித்த கையோடு, மேலிருந்து விழும் லைட்டுக்குக் கீழே கண்ணாடியில் பார்த்தால் எல்லாரும் ஆணழகன்தான். பம்ப் (பயிற்சி செய்த கையோடு தசை உப்பி நிற்பது) இல்லாமல், டியூப் லைட் வெளிச்சத்தில், என் போனிலேயே முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம் என்று நாலு படம் எடுத்தார். முன்பக்கப் படம் பரவாயில்லை. மேல் இரண்டு வரிசை வயிறு லேசாகத் தெரிந்தது. பின்பக்கம் திருப்பிக் காட்டினார். இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் சதை மடிந்து நின்றது. கீழ் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. மாஸ்டர் அந்த இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்தார். நல்ல பருமனான மடிப்பு. ஆண்களுக்கு அடிவயிறும் கீழ் முதுகும்தான் பெரும்பாலும் கடைசியில் கரையும். அதனால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் தோல் மடிப்பின் பருமனை அளக்கும் கேலிப்பரை வைத்து அளந்தார். 17 சதவீதம் கொழுப்பு என்று வந்தது. கேலிப்பரும் தோராயம்தான். ஆனால் ஏறி நின்றால் சதவீதம் காட்டும் மின்னணு எடை மெஷின் இன்னும் மோசம்; இரண்டு டம்ளர் தண்ணீர் கூடக் குறைய இருந்தாலே எண் மாறிவிடும். 17 என்றே வைத்துக்கொண்டோம். 74 கிலோவில் 17 சதவீதம் என்றால் 12.5 கிலோ கொழுப்பு, மீதி 61.5 கிலோ. மேடையில் நிற்க 6 சதவீதம் அளவுக்காவது இறங்க வேண்டும். அதே 61.5 கிலோ அப்படியே நின்றாலும் மொத்த எடை 65.5-க்குள் வந்துவிடும். கட்டிங்கில், அதாவது கொழுப்பைக் கரைக்கும் காலத்தில், கொஞ்சம் தசையும் நீரும் போகாமல் இருக்காது. ஆக நான் 65 கிலோ பிரிவுக்காரன். நண்பர்கள் சொன்ன பிரிவுக்கும் இதற்கும் நடுவில் 70 என்று ஒரு பிரிவே இருக்கிறது.

நாள் போதுமா என்றால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம்வரை குறைத்தால் தசை பெரிதாகப் போகாது என்பார்கள். எனக்கு அது வாரம் அரை கிலோ. ஒன்பது கிலோவுக்கு நாலரை மாதம். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. 65 கிலோ பிரிவில் நிற்பவர்களில் பலர் 160, 163 செ.மீ. உயரம். அதே எடை அந்த உயரத்தில் திரண்டு நிற்கும். 172-இல் அதே 65 கிலோ வந்தால் ஒல்லியாகத்தான் தெரியும். அவர்கள் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் மடக்கி டபுள் பைசெப்ஸ் போஸ் காட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம்.

இங்கேதான் மென்ஸ் பிசீக் பற்றிப் பேச்சு வந்தது. சர்வதேச அளவில் பாடிபில்டிங் கூட்டமைப்பான ஐஎஃப்பிபி இந்தப் பிரிவைக் கொண்டுவந்தது 2012-இல். மிஸ்டர் ஒலிம்பியாவில் 2013 முதல் நடக்கிறது. முழங்கால்வரை போர்டு ஷார்ட்ஸ், எடைக்குப் பதில் உயரத்தை வைத்துப் பிரிவு. பாடிபில்டிங் மாதிரி ஏழு கட்டாய போஸ் கிடையாது. கால்வட்டம் கால்வட்டமாகத் திரும்பி நாலு பக்கமும் காட்ட வேண்டும். தோள் அகலம், இடுப்பு ஒடுக்கம், நிற்கும் விதம்தான் கணக்கு. அளவுக்கு மீறிய தசை இருந்தால் மதிப்பெண் குறையவும் செய்யும். "கால் வராதவன் ஷார்ட்ஸ் போட்டுக்குவான்" என்று பழைய ஆட்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எடைப் பிரிவில் எனக்குப் பாதகமாக இருந்த உயரம் இதில் சாதகம்.

அதற்குள் பக்கத்து ஊரில் நடந்த ஒரு போட்டியை வேடிக்கை பார்க்கப் போனேன். முதல் போட்டிக்கு யோசிக்கும் எல்லாரும் செய்ய வேண்டிய வேலை இது. மாலை ஆறு மணிக்கு என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கவே ஒன்பது தாண்டிவிட்டது. மேடைக்குப் பின்னால் துணிப்பந்தலுக்குள் பையன்கள் உடம்பெல்லாம் டேன் (தசைக் கோடுகள் தெரியப் பூசும் கருநிறச் சாயம்) பூசிக்கொண்டு, உட்கார்ந்தால் கலைந்துவிடும் என்று நின்றுகொண்டே இருந்தார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றான் ஒருவன், உதடு வெடித்திருந்தது. இன்னொருவன் சாதாரணமாக யூரின் மாத்திரை, அதாவது உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை பற்றிப் பேசினான்.

எனக்கு முடிவு எடுக்க உதவியது அந்தப் பேச்சுதான். தசையில் சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும் ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் நீரும் சேர்ந்து நிற்கும். தசை நிறைந்து தெரிவதே அந்த நீரால்தான். தண்ணீரை நிறுத்தினால் தோலுக்கடியில் இருக்கும் நீர் மட்டும் தனியாகப் போகாது, தசையும் தட்டையாகும். மாத்திரை என்றால் உயிருக்கே ஆபத்து. 1992-இல் நெதர்லாந்தில் நடந்த போட்டி முடிந்த சில மணி நேரத்தில் முகமது பெனஸிஸா என்ற பாடிபில்டர் இறந்துபோனதை இந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்தால்தான் கட்ஸ் (தசைகளுக்கு நடுவே தெரியும் கோடுகள்) வரும் என்ற நிலையில் நான் இருந்தால், எனக்கு இன்னும் நாள் தேவை, அவ்வளவுதான். இதை மாஸ்டரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அவர் சொன்ன வழி: இப்போதே பெயர் கொடுக்காதே, பாதி தூரம் போய்ப் பார். எடை 70-க்குக் கீழே வந்ததும் உட்கார்ந்து பேசலாம். அதுவரை மூன்றை மட்டும் கவனி. தொப்புள் மட்டத்தில் டேப் அளவு, வெயிட் கட்டி எடுக்கும் புல்-அப்ஸ், தூக்கம். எடை இறங்கி இடுப்பு இறங்கவில்லை என்றால் போவது கொழுப்பு இல்லை. புல்-அப்ஸ் விழுந்தாலும் அதே கதை.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. முட்டை வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, அளந்த சோறு, கீரை, மாலையில் சுண்டல். ஒரு நாளைக்கு 150 கிராம் புரதம். கஷ்டம் சாப்பாட்டில் இல்லை, வீட்டில். சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இலையை மூடியபோது சித்தி முகம் போன போக்கு! அம்மா தினமும் "கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு, கேக்கறவங்களுக்கு நான் என்னடா சொல்றது" என்பார். மூன்றாவது மாதம் வந்தபோது அலுவலகத்தில் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். மனைவியிடம் தொடக்கத்திலேயே பேசியிருந்ததால் வீடு தாங்கியது. நீங்கள் தயாரா என்று பார்க்கும்போது வீட்டில் இருப்பவர்கள் தயாரா என்றும் பார்த்துவிடுங்கள்.

போஸிங்கையும் அப்போதே ஆரம்பித்தோம். வெறுமனே நிற்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முதுகை விரித்து, இடுப்பை உள்ளிழுத்து, முகத்தில் சிரிப்போடு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எனக்குத் தொடை நடுங்கியது, விலாவில் பிடித்துக்கொண்டது. மேடையில் நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது அப்படிப் பல நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். தினமும் இரவு பதினைந்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கினேன்.

69.5 வந்தபோது மறுபடி அதே டியூப் லைட், அதே நாலு படம். இடுப்பு மடிப்பு பாதியாகியிருந்தது. புல்-அப்ஸில் கட்டும் வெயிட் குறையவில்லை. தூக்கம் மட்டும் கெட்டிருந்தது. கார்போவைக் கொஞ்சம் இரவுக்கு மாற்றினோம், தேவலை. "சரி, பேர் குடுத்துரு. பிசீக்" என்றார் மாஸ்டர்.

மேடை ஏறியபோது எடை 65.3. தண்ணீரை நிறுத்தவே இல்லை. நிகழ்ச்சி எப்படியும் தாமதமாகும் என்று தெரிந்ததால் சோறும் வாழைப்பழமும் கட்டி எடுத்துப்போயிருந்தேன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. முடிந்ததும் ஒரு நடுவரிடம் போய்க் கேட்டேன். "கட்ஸ் இருக்கு தம்பி. தோளோட பின்பக்கம் வரல, பக்கவாட்டுல நிக்கறப்ப தெரியுது. ரெண்டு வருஷம் எடுத்துக்க" என்றார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை பின்தோளுக்குத் தனியாகச் செய்கிறேன். எடை 71, வயிறு மறைந்துவிட்டது, அம்மாவுக்குச் சந்தோஷம்.