குவாலியாவில் பூட்டாத கதவுகள்

ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கால்கூர்லிக்கு வந்த மூன்றாம் நாள் பிற்பகலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பெரியவர் நிதானமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சூப்பர் பிட்டில் வெடி வைக்கிறார்கள். பழகிவிடும்" என்றார். சூப்பர் பிட் என்பது ஊரை ஒட்டிய பெரிய திறந்தவெளித் தங்கச் சுரங்கம்.

அவருக்குப் பழகியிருந்தது. நான் பிறந்ததோ கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குப் பக்கத்தில், கம்பெனி கட்டிய லைன் வீட்டில். அங்கே தரை அதிர்ந்தால் பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்துவிட்டது என்று பொருள். கொதிக்கும் உலையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் சுரங்க வாயிலான ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி வரும் கூண்டு மேலே வந்து, யார் யார் இறங்குகிறார்கள் என்று தெரியும்வரை அந்தக் கூட்டத்தில் பேச்சே இருக்காது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் அப்படி நின்றிருக்கிறார். நைனா, அதாவது என் அப்பா, இறங்கி வந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடர்வார்.

மனைவிக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்ததால் வந்தோம். பெர்த்திலிருந்து ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். கடைசிச் சில மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும் குட்டை மரங்களும்தான். இந்த ஊரின் குழாய்த் தண்ணீர் பெர்த் பக்கத்து முண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறது. அந்தக் குழாய்ப் பாதை 1903இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் எங்கள் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரமே அப்போது இருட்டில் இருந்தது. பூமிக்குள் தங்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆற்றையும் மின்சாரத்தையும் எத்தனை தூரத்திலிருந்தும் இழுத்து வந்துவிடுகிறார்கள். முதல் கோடையில் ஒவ்வொரு முறை குழாயைத் திறந்தபோதும் இதை நினைத்தேன்.

எனக்கு ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. உணவு, குளிர், வெயில் எல்லாம் சில மாதங்களில் சரிப்பட்டன. தொட்டியில் வைத்த கறிவேப்பிலை இரண்டு முறை கருகி, மூன்றாம் முறை பிழைத்தது. சரிப்படாமல் நின்றது ஒன்றுதான்: வீடு வாங்கும் பேச்சு. வாடகை ஏறிக்கொண்டே போகிறது, வாங்கிவிடலாம் என்று மனைவி சொல்வாள். நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவேன். உண்மைக் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கே வெகுநாள் ஆனது. சுரங்க ஊரில் யாராவது வீடு வாங்குவார்களா?

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மூவரும் வடக்கே 230 கிலோமீட்டர் காரில் போனோம். லியோனோரா என்ற சிற்றூரை ஒட்டி குவாலியா இருக்கிறது. 1896இல் அங்கே தங்கம் கிடைத்தது. வேல்ஸ் நாட்டின் பழைய பெயரைச் சுரங்கத்துக்கு வைத்தார்கள். 1898இல் நிர்வாகம் பார்க்க வந்த இளம் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். அவர் பெயரில் உள்ள மாளிகை மேட்டின்மேல் இன்னும் அழகாக நிற்கிறது. தொழிலாளர் குடிசைகள் கீழே. இத்தாலியிலிருந்தும் யூகோஸ்லாவியப் பகுதிகளிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர்கள் பலர் அவற்றில் வாழ்ந்தார்கள். மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் லைன். எங்கள் ஊரை யாரோ இங்கே கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

கதவுகளுக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். தகரச் சுவர், உள்பக்கம் சாக்குத் துணி, தலை குனிந்து நுழையும் வாசல். ஓர் அறையில் இரும்புக் கட்டில். பக்கத்து அறையில் விறகு அடுப்பு, அதன்மேல் கெட்டில். மகள் அடுப்பைப் பார்த்துவிட்டு, "இவர்கள் எப்போது திரும்பி வருவார்கள்?" என்று கேட்டாள்.

1963 டிசம்பர் 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ஊரில் சில வாரங்களுக்குள் 40 பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். தங்கம் தீர்ந்துபோகவில்லை. அவுன்ஸுக்கு 35 அமெரிக்க டாலர் என்று 1934இல் கட்டிவைத்த விலை அப்படியே நிற்க, வெட்டும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. குவாலியாவில் எனக்கு நெஞ்சைப் பிசைந்த காட்சி இடிந்த குடிசைகூட அல்ல. அவற்றின் எதிரிலேயே அந்தச் சுரங்கம் மறுபடி ஓடுகிறது. 1980களில் திறந்துவிட்டார்கள், இப்போது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் கீழே வெட்டுகிறார்கள். தொழிலாளர்கள் விமானத்தில் வந்து, முகாமில் தங்கி, முறை முடிந்ததும் விமானத்திலேயே போய்விடுகிறார்கள். தங்கம் திரும்பி வந்தது, ஊர் வரவில்லை.

தங்கவயல் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28. எனக்கு அப்போது பதினாறு வயது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய சுரங்கம். வெட்டும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிட்டது என்ற அதே கணக்கைத்தான் எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் எங்கள் சனம் குவாலியாக்காரர்களைப்போல் போகவில்லை. எங்கே போவது? வட ஆற்காட்டிலிருந்து தாத்தா நடந்து வந்தபோதே அங்கே அவருக்கு ஒரு பிடி நிலம் கிடையாது. ஆகவே ஊர் அங்கேயே இருந்துகொண்டு, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போய், இரவில் திரும்பியது. நானும் ஆறு ஆண்டுகள் அந்த ரயிலில் நின்றுகொண்டே தூங்கியவன். சங்கு நின்றுபோன ஊரில், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசு காற்றில் வந்து படியும் அந்த ஒற்றை அறையில், இன்னும் நைனாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த அந்த அறை ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை.

திரும்பும் வழியில் இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். மென்சீஸ் தாண்டும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவர்களுக்கு வேலை போனதோடு வீடும் போனது. நமக்கு வேலை போனாலும் வீட்டை யாரும் கேட்க முடியாதே" என்றாள். அந்த வருத்தத்திலிருந்து நான் எதிர்த்திசையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவள் சொன்னதுதான் சரி.

செப்டம்பரில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு படுக்கையறை, தகரக் கூரை, பின்கட்டில் ஓர் எலுமிச்சை மரம். அன்றிரவே நைனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். விலை கேட்கவில்லை, எத்தனை அறை என்றும் கேட்கவில்லை.

"கம்பெனி வீடா?"

"இல்லை நைனா. பேங்க் கடன். கட்டி முடித்தால் நம்முடையது."

"மண்ணும் சேர்த்தா?"

"மண்ணும் சேர்த்துதான்."

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "பட்டா இவன் பேரில் வருமாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.