எடுத்துக்கிடுவார்

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். "ஏத்துக்கிடுவார்" என்று சொல்ல வந்தேன். வாயில் வந்தது "எடுத்துக்கிடுவார்."

டிசம்பர் மாதம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. யாரும் கடலுக்குப் போகாததால் பிரசவ அறைக்கு வெளியே வழக்கத்தைவிட ஆண்கள் கூட்டம். தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்தபோதே தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை வெளியே வந்து அழவில்லை. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். ம்ஹூம். அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. அதற்குள் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்து, மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

துணைக்கு உள்ளே இருந்தது அந்தப் பெண்ணின் அம்மாச்சி. கையில் ஒரு சின்ன பாட்டில், ஞானஸ்நானம் கொடுக்க மாதா கோயில் தீர்த்தம். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, ஒரு சொட்டு ஊத்திருவோம் தாயி. பிள்ளை அஞ்ஞானியாப் போயிரக் கூடாது."

"தண்ணி படக் கூடாது அம்மாச்சி, உடம்பு குளுந்துரும். தள்ளி நில்லுங்க."

"ஒரே ஒரு சொட்டு."

"ஆண்டவர் தண்ணியவா பாக்கப் போறாரு? பிள்ளைய அப்படியே எடுத்துக்கிடுவார்."

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். அம்மாச்சி பதில் பேசவில்லை. மேஜையில் படுத்திருந்த பெண் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தது. வலியில் திருப்பியிருப்பாள் என்று அப்போது நினைத்தேன்.

பிள்ளை பிழைத்தது. மூன்றாவது நிமிடம் விக்கல் மாதிரி ஒரு மூச்சு, அப்புறம் பூனைக்குட்டிச் சத்தத்தில் ஓர் அழுகை. 108-ல் ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம், பத்து நாள் இருந்து திரும்பி வந்தது. என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். நனைந்த பிள்ளை எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்து போகும், அப்படிக் குளிர்ந்தால் மூச்சு எப்படி இன்னும் கெடும் என்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். இந்து வீட்டுப் பாட்டிகள் சேனை வைக்க வரும்போதும் இப்படித்தான் தடுக்கிறேன். தேனும் சர்க்கரையும் வேண்டாம், தாய்ப்பால்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வந்தால், பிள்ளையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கத்திலேயே நின்று சொல்ல விடுகிறேன், சத்தத்தால் உடம்பு குளிராது. எல்லோருக்கும் ஒரே நியாயம்.

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மாஸ்க் மூடியிருந்தது மூக்கையும் வாயையும்தான். நெற்றி சும்மாதான் இருந்தது. நான் பையிலிருந்து கையை எடுக்கவே வேண்டாம், அம்மாச்சியே ஊற்றியிருக்கலாம். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஞானஸ்நானம் பெறாத ஆள்கூட, திருச்சபை செய்ய நினைப்பதையே தானும் நினைத்து, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் என்று சொல்லி ஊற்றினால் அது செல்லும். பிழைத்தால் மீதிச் சடங்கைக் கோயிலில் முடித்துக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். நெற்றியில் மூன்று துளி விழுந்து, நானே உடனே துடைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சரி, சொன்னதாவது தப்பா? தப்பில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். பிறந்த பிள்ளைக்கு முதலில் மார்க் போடுவது நாங்கள். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க டாக்டர் 1952-ல் கொண்டுவந்த கணக்கு அது. நிறம், நாடி, சிணுங்கல், கைகால் அசைவு, மூச்சு என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அந்தப் பிள்ளைக்கு முதல் நிமிடத்தில் நான் எழுதியது பத்துக்கு இரண்டு. எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனால் சிவப்பு மையில் வட்டம் வேறு. கடவுளிடம் அந்தச் சீட்டு கிடையாது. யோர்தான் ஆற்றில் 'என் அன்பான மகன்' என்று மேலேயிருந்து குரல் கேட்டபோது இயேசு ஓர் அற்புதம்கூடச் செய்திருக்கவில்லை. தாயே மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்கிறார் கடவுள், பைபிளின் எசாயா புத்தகத்தில். ஒன்றுமே செய்யாத பிள்ளையை ஒன்றுமே கேட்காமல் நேசிப்பது என்றால் என்ன என்று பிரசவ அறையில் நிற்கிறவளுக்குத் தெரியாதா?

அந்த வாரமே டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. இயேசு பிறந்தபோது ஏரோது ராஜா கொன்ற அந்தப் பிள்ளைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஆனாலும் அவர்களைப் புனிதர்களாகத்தானே கொண்டாடுகிறோம். பூசையில் உட்கார்ந்துகொண்டு அம்மாச்சியிடம் மனசுக்குள் வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

ஜெயித்த கையோடு என் மகன் ஞாபகம் வந்தான். அவன் பிறந்து மஞ்சள் காமாலை வந்தபோது, எட்டாம் நாளே ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி அழுதவள் நான். ஆண்டவர் தண்ணியவா பாக்கப் போறாரு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளை ஊருக்கு வந்த பிறகு வீடு பார்க்கப் போனேன். எடை ஏறவில்லை. தாய் பால் கொடுக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கிறாள். முடிந்ததும் பாயில் கிடத்திவிட்டு எழுந்துவிடுகிறாள். பேரும் வைக்கவில்லை. அம்மாச்சிதான் சொன்னார்: "எடுத்துக்கிடுவார்னு நீங்கதானே சொன்னீங்க தாயி. அதான் இவ ஒட்டவே மாட்டேங்கிறா."

கோபமே இல்லாமல் சொன்னார். பத்து நாள் பிரிந்திருந்த தாய், பால் சுண்டிப்போயிருக்கும், தலைப்பிரசவத்துக்குப் பிறகு மனசு சோர்ந்துபோவது எத்தனையோ பேருக்கு வருகிறது, ஒரு வார்த்தையால் இதெல்லாம் வராது என்று எனக்குள் பதில் ஓடியது. வாயில் ஒன்றும் வரவில்லை. அம்மாச்சியே தொடர்ந்தார். அவருடைய முதல் பிள்ளை தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே போய்விட்டதாம். அந்தக் காலத்தில் அப்படிப் போன பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே, தாழம்புதருக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார்களாம். பிறகு சுவரை இழுத்துக் கட்டியபோதும் அந்த இடம் உள்ளே வரவில்லையாம்.

'ஆண்டவர் அந்தப் பிள்ளையையும் ஏத்துக்கிட்டிருப்பார் அம்மாச்சி' என்று சொல்லியிருக்க வேண்டும். 2007-ல் திருச்சபையின் இறையியல் அறிஞர் குழு அப்படி நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது என்று எழுதியதையும் சொல்லியிருக்கலாம். நான் தாயின் நெஞ்சில் பிள்ளையைத் துணி விலக்கி ஒட்டிப் போட்டு, இப்படியே ஒரு மணி நேரமாவது வைத்திரு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நீ சொன்னது சரி," என்றார். கொஞ்சம் யோசித்து, "ஊத்தியிருந்தாலும் சரி," என்றார்.

ஜனவரியில் ஞானஸ்நானம் ஆனது, எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த தடவை ஊசிக்கு வந்தபோது பிள்ளை மூன்றே முக்கால் கிலோ. அம்மாச்சி சிரித்தார். "ஊத்தியாச்சு தாயி. இனிமே எப்ப எடுத்துக்கிட்டாலும் பயமில்ல." தாய் சட்டென்று பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். முறைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வார்மருக்குப் பக்கத்து அலமாரியில் இப்போது ஒரு சின்ன பாட்டில் வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை. டாக்டரம்மா ஒருநாள் எடுத்துப் பார்த்து இது என்ன சிஸ்டர் என்றார். டிஸ்டில்டு வாட்டர் என்றேன்.