ஷார்ஜாவில் இருந்தபடி கீழக்கரை வீட்டைக் காலி செய்ய வைத்தது

கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்தின்போது பெற்றவர்கள் மகளுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். வாப்பாவும் உம்மாவும் எனக்கும் அப்படித்தான் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். கடற்கரை ஊரில் வீட்டைப் பூட்டிப் போட்டால் உப்புக்காற்று ஜன்னல் கம்பியிலிருந்து மோட்டார் வரை எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் வாடகைக்கு விட்டோம். குடியிருந்தவர் வாடகையை நிறுத்தி, வீட்டை வேறு ஆளிடம் விட்டுவிட்டுப் போன பிறகு அதை எப்படி மீட்டோம் என்று துபாயிலும் அபுதாபியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை.

வீட்டை விட்டது மாமா. ஊரில் எல்லோரும் செய்வதுபோல 20 ரூபாய் பத்திரத் தாளில் 11 மாத ஒப்பந்தம். வாடகை 8,000, முன்பணம் 50,000. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக வந்தார்கள். முதல் வருடம் ஒழுங்காகப் பணம் வந்தது. பிறகு ஒரு மாதம் தாமதம், அடுத்து பாதி, அடுத்து மௌனம்.

வாடகை நின்றதைவிட என்னை உலுக்கியது மின் கட்டணம். இணைப்பு என் பெயரில் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. வழக்கமாக 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு அந்த முறை 1,100ஐத் தாண்டியிருந்தது. ஒரு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டிவி இருக்கும் வீட்டில் இது நடக்காது. பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு (எங்கள் ஊரில் அக்காவை லாத்தா என்போம்) செய்தி அனுப்பினேன். "அந்தக் குடும்பம் எப்போதோ போய்விட்டதே! இப்போது நண்டு வியாபாரம் பார்க்கிற பையன்கள் வந்து போகிறார்கள். முற்றம் முழுக்க ஐஸ் பெட்டி" என்று பதில் வந்தது. கூடத்தில் டீப் ஃப்ரீசர்கள் வரிசையாக நிற்பதைத் தம்பி போய்ப் படமெடுத்து அனுப்பினான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு இணைப்பில் வணிகம் நடத்தினால் அது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் வரும். பொருந்தும் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம். இணைப்பு என் பெயரில் இருக்கும்போது அந்தக் கேள்வி முதலில் வந்து நிற்பது என் வாசலில்.

தம்பிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "லாத்தா, ஃப்யூஸைப் பிடுங்கிவிடுகிறேன். ஐஸ் உருகினால் தானாக ஓடுவான்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாடகைக்காரருக்கு மின்சாரத்தையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அவர் புகார் கொடுத்தால் நாங்கள்தாம் கை கட்டி நிற்க வேண்டும். மாமாவுக்கோ வேறு பயம்: பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே போய்விடுமாம். வாடகைக்காரர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர். எத்தனை வருடம் வாடகைக்கு இருந்தாலும் அதனால் மட்டும் அவருக்கு எதிர்மறை அனுபவ உரிமை, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் சொத்தின் மேல் வரும் உரிமை, வந்துவிடாது. இந்தக் கதையை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதி வீடுகள் ஆளில்லாமல் இற்றுக் கிடக்கின்றன.

இராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை என்பதை அவர்தான் விளக்கினார். அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதற்கான இணையதளம் வழியாகப் பதிவாக வேண்டும். மாமாவின் 20 ரூபாய்த் தாள் பதிவாகாதது. அப்படிப்பட்ட தாளைச் சாட்சியமாக நீட்ட முடியாது. ஆனால் இரண்டு மாத வாடகைப் பாக்கியும், எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டைப் பிறர் கையில் ஒப்படைப்பதும் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களாகச் சட்டத்திலேயே இருக்கின்றன. "தாள் போனால் போகட்டும். பாக்கியும் கைமாற்றமும் உண்மை என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் வக்கீல்.

என்னிடம் இருந்தது வீட்டுக் கணினி. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய மேசைக் கணினியும், பக்கத்தில் ஸ்கேனரோடு சேர்ந்த ஒரு பிரிண்டரும்.

அமீரகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது. செய்தியும் குரல் பதிவும் மட்டும்தான் போகும். பேசுவதற்கு என்று வேறு செயலிகள் உண்டு, ஆனால் அதை இறக்கிக்கொள்ள வாடகைக்காரர் கடைசிவரை மறுத்துவிட்டார். எத்தனையோ நாள் இந்தத் தடையை நான் திட்டியிருக்கிறேன். இந்த வழக்கில் அதுவே எனக்கு வாய்த்த வரம். அவர் சொன்ன சாக்கு ஒவ்வொன்றும் தேதியோடும் நேரத்தோடும் என் ஃபோனில் கிடந்தது. அதில் ஒரு குரல் பதிவு தங்கம்: "அக்கா, வீட்டை என் கூட்டாளிதான் வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து நண்டுப் பணம் வந்ததும் பாக்கியை மொத்தமாகக் கொடுத்துவிடுவோம்." பாக்கி, கைமாற்றம் இரண்டையும் அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். இதையே சாதாரண அழைப்பில் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து நீட்டினால் நீதிமன்றம் வாங்கிக்கொள்ளாது. மின்னணுப் பதிவுகளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. அதன் படிவத்தில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி பதிவை வைத்திருப்பவர் கையெழுத்திடுவது. இரண்டாம் பகுதி கணினி வல்லுநர் ஒருவர் கையெழுத்திடுவது. இரண்டிலும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். எந்தக் கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண் அது. கோப்புக்குள் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுவதுமாக வேறாகிவிடும். இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை கூடவே வருகிறது. கோப்பின் பெயரையும் எஸ்எச்ஏ256 என்பதையும் கொடுத்தால் 64 எழுத்து மதிப்பைத் தந்துவிடும்.

உரையாடல் முழுவதையும் வாட்ஸ்அப்பின் ஏற்றுமதி வசதியில் படங்கள், குரல் பதிவுகளோடு எடுத்தேன். எடுத்த கையோடு ஹாஷ் கணக்கிட்டு, ஒரு பிரதியை வெளி ஹார்டு டிஸ்கிலும் இன்னொன்றைப் பென் டிரைவிலும் வைத்தேன். குரல் பதிவுகள் ஓப்பஸ் வடிவில் இருக்கும். ஊரில் கணினிக் கடைக்காரர் ஒருவர் அவற்றை எம்பி3 ஆக மாற்றித் தருகிறேன் என்று தம்பியிடம் சொல்ல, நான் இங்கிருந்து அலறிவிட்டேன். மாற்றினால் அது வேறு கோப்பு, ஹாஷும் வேறு. கேட்பதற்கு வசதியாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், மூலத்தைத் தொடவே கூடாது. ஃபோனையும் மாற்றக் கூடாது. அந்தச் சமயம் பார்த்துப் புது ஃபோன் வாங்கித் தருகிறேன் என்று நின்ற என் கணவரை வழக்கு முடியும்வரை காக்க வைத்தேன். ஒவ்வொரு குரல் பதிவையும் கேட்டுக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்ததுதான் அலுப்பான வேலை. அந்த ஆளின் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

வாடகைக் கணக்கை எக்செல்லில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கையின் பக்க எண்ணைக் குறித்தேன். வாடகை என் என்ஆர்ஓ கணக்கில்தான் (வெளிநாடு வாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வரும் என்பதால் எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. மின் அளவீடுகளை ஆண்டு வாரியாகப் பிடிஎஃப் ஆக்கினேன். கோப்புப் பெயர்களை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் ஃபோல்டரில் தாமாகவே காலவரிசையில் நின்றுவிடும். வக்கீலின் உதவியாளர் மற்ற கட்சிக்காரர்களிடமும் இப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

அடுத்தது, எனக்குப் பதிலாகத் தம்பி வழக்கை நடத்துவதற்கான அதிகாரப் பத்திரம். வீடு என் பெயரில் இருப்பதால் என் கணவர் கொடுத்தால் செல்லாது, நான்தான் கொடுக்க வேண்டும். பொது அதிகாரம் வேண்டாம், இந்த வீட்டு வழக்குக்கு மட்டும் சிறப்பு அதிகாரம் போதும் என்று வக்கீலிடம் அடித்துச் சொன்னேன். தம்பியை நம்பாமல் இல்லை. விற்கும் அதிகாரம் தேவையில்லாத இடத்தில் அதை ஏன் எழுத வேண்டும்? அவர் அனுப்பிய வரைவு என் கணினியில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகக் கொத்துக்கறி போல விரிந்தது. ஊரில் பத்திரம் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். பிடிஎஃப் ஆக வாங்கி அச்சிட்டுக்கொண்டு, துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு கையெழுத்திட்டு அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இராமநாதபுரத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தம்பி அதை முடித்தான்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நானே எடுத்தேன். ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைப் பழைய ஃபோனில் போட்டு, தவறாமல் ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். பயன்பாடே இல்லாமல் தொண்ணூறு நாள் கிடந்தால் எண் போய்விடலாம். பிறகு வங்கியும் ஆதாரும் உங்களை யாரென்று கேட்கும்.

பாக்கியைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. வாடகைக்காரரின் பதில் எதிர்பார்த்ததுதான்: ஒப்பந்தம் போட்டது மாமா, உரிமையாளர் யார் என்றே எனக்குத் தெரியாது, வீட்டில் என் உறவினர்தான் இருக்கிறார். என்னை அக்கா, அக்கா என்று அழைத்து அத்தனை குரல் பதிவு போட்ட மனிதர்! வாடகை நீதிமன்றத்தில் மனுவோடு செட்டில்மென்ட் பத்திரம், வங்கி அறிக்கை, மின் அளவீடு, 63ஆம் பிரிவுச் சான்றிதழ், பென் டிரைவ் எல்லாம் போயின. அவருடைய வக்கீல் அந்தக் குரல் பதிவின் எழுத்து வடிவத்தைப் படித்த பிறகு பேச்சின் தொனி மாறியது. சமரசத்துக்கு வந்தார்கள். தேதி குறித்து வீட்டைக் காலி செய்வது, மின் கட்டணத்தை முழுவதும் கட்டுவது, முன்பணத்தை வாடகைப் பாக்கிக்கு ஈடு செய்வது என்று கூட்டு மனு எழுதி நீதிமன்றத்திலேயே பதிவு செய்தோம். வெளியே வாய்ப்பேச்சாக முடித்திருந்தால் அவர் மறுபடி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஊருக்குப் போகவே இல்லை. விசாரணை என்று ஆகியிருந்தால் போக வேண்டி வந்திருக்கலாம்; எனக்கு நேரடியாகத் தெரிந்ததை எனக்குப் பதிலாகத் தம்பி கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது.

இப்போது பள்ளி ஆசிரியை ஒருவர் குடியிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் வந்த பிறகுதான் சாவி கொடுத்தோம். உள்வாடகை கூடாது, வணிகம் கூடாது, மின் அளவீட்டை நான் பார்ப்பேன் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறது. வெளிநாடு வாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அது 30 சதவீதமும், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். சிறிய வாடகை என்று விலக்குக் கிடையாது. டீச்சர் முதலில் மிரண்டார். ஆடிட்டரிடம் அழைத்துப் போய் விளக்கச் சொன்னோம். நாம் கணக்குத் தாக்கல் செய்து கூடுதல் பிடித்தத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் பிடிக்காமல் விட்டால் தலைவலி டீச்சருக்கு.

தம்பிக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. ஏழு மாதப் பாக்கி 56,000. முன்பணம் போக 6,000 விட்டுவிட்டோம், நண்டு நாற்றம் போகக் கழுவி வெள்ளையடித்த செலவு தனி. "கேஸை விட்டிருக்கவே கூடாது லாத்தா, வட்டியோடு வாங்கியிருக்கலாம்" என்கிறான். விசாரணைக்கு நான் ஒருமுறை வந்து போகும் விமான டிக்கெட்டின் விலையை அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது, பதிலைக் காணோம்.